பத்து மடங்கு

"எதிலுமே கண்ணு ஷார்ப்பா இல்லையே சார்," என்று ரிஸ்வானா மூன்றாவது தடவையாகச் சொல்கிறாள். இல்லைதான். எனக்குத் தெரியாதா. பதினாலு நாளாக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இந்த முப்பத்தொன்பது படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறவனிடம் வந்து சொல்கிறாள். ஒன்றில் காது தெளிவு, ஒன்றில் சட்டைக் காலர், ஒன்றில் அவன் முதுகுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நிற்கிற புங்கமரத்து இலை. கண் மட்டும் எதிலும் பிடிபடவில்லை. இந்தக் கலர் லேபில் அவளுக்கு எட்டு வருஷ சர்வீஸாம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் சொன்னாள். எட்டு வருஷத்தில் எத்தனை செத்தவர்கள் முகத்தைப் பார்த்திருப்பாள். மாலை போடுகிற படம் என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பன்னெண்டுக்குப் பதினெட்டு போட்டுடலாமா சார்?" என்று கேட்டாள். அதுதான் வழக்கமான சைஸாம். செத்துப்போனால் எல்லோருக்கும் ஒரே சைஸ். என் சிநேகிதன் நீலமேகம் ஆறடி ஆள், அவன் டயர் கடையில் லாரி டயரை ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டு போவான், அவனுக்கும் பன்னெண்டுக்குப் பதினெட்டுதான். நாளைக்கு அவனுக்குப் பதினாறாம் நாள். இன்றைக்கே பிரேம் போட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை அரை நாள்தான். அவன் பெண்டாட்டி பூங்கோதை பதினொன்றரைக்கு வந்துவிடுகிறேன் என்றிருக்கிறாள், அவளே பார்த்து எடுக்க வேண்டுமாம். "வேற எந்தப் போட்டோவும் வேணாண்ணே. அன்னிக்கு நீங்க எடுத்தீங்களே, கடைசியா, அதுதான் வேணும்," என்று போனில் சொன்னாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஐம்பது. நாற்பது நிமிஷம் இருக்கிறது எனக்கு. நாற்பது நிமிஷத்தில் ஒரு மனுஷனால் ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ண முடியாதா. கோதைம்மா, அன்னிக்கு அவன் எங்கிட்ட சொன்னான், நான்தான் காதுல வாங்கல. இவ்வளவுதான் வாக்கியம். இதைச் சொல்ல என்ன பெரிய பேச்சாளனா வேண்டும். வாயைத் திறந்தால் ஏசிக் காற்றுதான் உள்ளே போகிறது, பக்கத்தில் தண்ணீர் கேன் இருந்தும் எழுந்து போகத் தோன்றவில்லை.

"சார், லென்ஸ் பேரே காட்டல. எஃப் ஜீரோன்னு இருக்கு, ஜீரோ எம்.எம்.னு இருக்கு. ஃபைல்ல ஏதாவது எரரா?" எரர்தான் தாயி, ஆனால் ஃபைலில் இல்லை. "பழைய லென்ஸும்மா, அப்படித்தான் காட்டும்," என்கிறேன். என் கேமராவுக்குத் தன் மூஞ்சியில் ஒரு லென்ஸ் மாட்டியிருப்பதே தெரியாது. ரஷ்யாக்காரன் எழுபதுகளில் செய்த ஐம்பத்தெட்டு எம்.எம்., இரும்பும் கண்ணாடியுமாக உள்ளங்கையில் கனக்கும். உள்ளே ஒரு மோட்டார் கிடையாது, கேமராவோடு பேச ஒரு பித்தளைப் புள்ளி கிடையாது. நடுவில் ஒரு வளையம் போட்டுப் புதுக் கேமராவில் திருகினால், லென்ஸ் பொருத்தப்படவில்லை என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டுக் கேமரா சும்மா உட்கார்ந்துகொள்ளும். மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் எடுத்துத் தொலை என்று மாற்றி வைத்தால்தான் வேலை செய்யும். ஃபோகஸ் நாம்தான் கையால் திருக வேண்டும். அதில் ஒரு கர்வம் எனக்கு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கர்வம். வந்தபோது உள்ளே பூஞ்சை பிடித்திருந்ததை ஒரு மாசம் மொட்டைமாடி வெயிலில் காட்டி, பிரித்துத் துடைத்து, திரும்ப மாட்டினேன். இணையத்தில் இந்தப் பழைய லென்ஸ் கிறுக்கர்களுக்கென்று ஒரு குழு, அதில் என் படத்தைப் போட்டால், இன்னாசி சார் படத்துல ஒரு ஆத்மா இருக்கு என்பார்கள். ஆத்மாவாம். முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் பிசிக்ஸ் லேப் அசிஸ்டென்ட்டாக இருந்து, வாத்தியார்மார்கள் டீ குடிக்கப் போன நேரத்திலெல்லாம் பையன்களுக்கு லென்ஸ் சோதனை செய்து காட்டியவன், ஒருத்தனும் சார் என்று கூப்பிட்டதில்லை, இன்னாசி இன்னாசி என்றுதான். ரிட்டையர் ஆன பிறகு இந்த ரஷ்யக் கண்ணாடிதான் என்னை சார் ஆக்கியது. அதில் மண்ணை அள்ளிப் போட்டவன் நீலமேகம். அவன் பெண்ணும் மாப்பிள்ளையும் வெளிநாட்டிலிருந்து புதுசாக ஒரு கேமரா அனுப்பியிருந்தார்கள். "மாப்ள, கண்ணைத் தானாப் பிடிக்குதுடா. மாட்டுக் கண்ணைக்கூடப் பிடிக்குது. நான் சும்மா அமுக்கறேன்," என்று என்னை ஒன்று எடுத்துக் காட்டினான். ஒரு நொடி. என் புருவத்தில் ஒவ்வொரு முடியும் எண்ணிவிடலாம், கண்ணுக்குள் அவனே தெரிகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ எடுக்கல, உன் மெஷின் எடுக்குது," என்றேன். "எதுவோ எடுத்தா சரிதானடா," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, வஞ்சனையே இல்லாத சிரிப்பு, அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. வஞ்சனையோடு சிரித்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு மறந்திருப்பேன். அதற்கப்புறம் ஒரு வாரம் நான் அவன் கடைப் பக்கம் போகவில்லை.

அடுத்த மாசம் அவனுக்கு அறுபது. மணிவிழா அழைப்பிதழில் போட ஒரு போட்டோ வேண்டும், ஏதாவது ஸ்டுடியோவில் எடுத்துக்கொள்கிறேன் என்றான். விட்டேனா நான். "நான் உயிரோட இருக்கறப்ப நீ ஸ்டுடியோவுக்குப் போவியா," என்று இழுத்துக்கொண்டு போனேன் முக்கொம்புப் பூங்காவுக்கு. முகம் என்றால் என்ன என்று அவனுக்கும் அவன் மெஷினுக்கும் காட்ட வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது, மணிவிழாவாவது மண்ணாங்கட்டியாவது. நிழலில் நல்ல பெஞ்சுகள் இருந்தன. வெயிலில் கிடந்த சிமென்ட் பெஞ்சில்தான் உட்கார வைத்தேன், ஏனென்றால் அங்கேதான் பின்னால் புங்கமரம், இலைக்கு நடுவே வெளிச்சம், அந்த வெளிச்சமெல்லாம் இந்த லென்ஸில் சுழன்றாற்போல விழும். அந்தச் சுழலுக்காகத்தானே ஊரே இந்த லென்ஸைத் தேடுகிறது. சுழல் வேண்டுமென்றால் லென்ஸை முழுசாகத் திறந்து வைக்க வேண்டும், முழுசாகத் திறந்தால் ஒரு விரல் கனத்துக்குத்தான் தெளிவு, அந்த விரல்கடைக்குள் கண் வர வேண்டும். அதற்குக் கேமராவில் ஒரு வசதி உண்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். பத்து மடங்கில் முகம் இருக்காது. நீலமேகம் இருக்க மாட்டான். ஒரு இமை, நாலு முடி, ஒரு சுருக்கம், அவ்வளவுதான் திரை முழுக்க. அந்த இமை முன்னால் வந்தது, பின்னால் போனது, நான் வளையத்தைத் திருகத் திருக அது ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. ஆடிக்கொண்டே இருந்தான். "என்னடா குடிச்சவனாட்டம் ஆடற, நேரா உட்காரு," என்றேன். உட்கார்ந்தான். மறுபடி ஆடினான். எனக்குக் கோபம் வேறு. இவன் வேண்டுமென்றே செய்கிறான், தன் மெஷின்தான் உசத்தி என்று காட்டுவதற்காகவே ஆடுகிறான் என்று நினைத்தேன், இதை யாரிடம் சொல்வது, இப்படி நினைத்தேன் என்று. முப்பத்தொரு வருஷம் பையன்களிடம், கண்ணை எடுத்து எடுத்துப் பாருங்கடா, தள்ளி நின்னு பாருங்கடா என்று கத்தினவன் அன்றைக்குக் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாப்ள, ஒரு மாதிரி இருக்குடா. எந்திரிக்கட்டுமா?" என்றான். கேட்டது. காது நன்றாகவே கேட்டது. "இருடா, இப்பதான் கிடைச்சிருக்கு, அசைஞ்சேன்னா மறுபடி மொதல்லேருந்து," என்றேன். இருந்தான்.

அப்போதுதான் அந்த வேர்வை. எதில் விளிம்பு பளிச்சென்று இருக்கிறதோ அதன்மேல் கேமரா ஒரு சிவப்புக் கோடு போட்டுக் காட்டும், தெளிவு இங்கே விழுந்திருக்கிறது என்று. அவன் இமையில் அந்தக் கோடு வரும், போகும், நிற்காது. கேமராவை இம்மி கீழே இறக்கினால் மேலுதட்டில் துளித்துளியாக வேர்வை, ஒவ்வொரு துளியையும் சுற்றிச் சிவப்புக் கோடு கச்சிதமாக நின்றது. நல்லதாப் போச்சு என்று நினைத்தேன். சத்தியமாக இதே வார்த்தைதான். நல்லதாப் போச்சு, இதை வைத்துப் பிடித்துவிடலாம். பிடித்தேன். என் சிநேகிதன் நெஞ்சடைத்து வேர்த்துக்கொண்டிருந்த வேர்வையைப் பிடித்துக்கொண்டு ஃபோகஸ் பண்ணினேன். இந்த உலகத்தில் வேறு எவனாவது இப்படி ஒரு காரியம் செய்திருப்பானா. தெருவில் போகிற பூக்காரி பார்த்திருந்தால்கூட, என்னங்க அந்த அண்ணனுக்கு இப்படி வேர்க்குது என்று கேட்டிருப்பாள். அவள் முழு முகத்தைப் பார்த்திருப்பாள். நான் பத்து மடங்கில் துளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வலது கையை மெதுவாகத் தூக்கி இடது தோளைப் பிடித்தான். "கையை இறக்குடா, ஃப்ரேமுக்குள்ள வருது," என்றேன். இறக்கினான். பாவி, ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கக்கூடாதா. எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறோம், சீட்டாட்டத்தில் போட்டிருக்கிறோம், தேர்தலுக்குப் போட்டிருக்கிறோம், அன்றைக்கு மட்டும் சொன்னபடி கேட்டான். கடைசியில் அவனே எழுந்து, "போதும்டா, வீட்டுக்குப் போறேன்," என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான். கூடப் போனேனா. இல்லை. அவன் எழுந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து, துண்டைத் தலைக்கு மேல் போட்டு வெயிலை மறைத்துக்கொண்டு, எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றே முக்காலுக்குப் பூங்கோதையிடமிருந்து போன் வந்தது.

"சார், டீ சொல்லவா?" வேண்டாம்மா. மணி பதினொன்று ஐந்து. டீ. அன்றைக்கு அந்த வீட்டிலும் யாரோ ஒருத்தர் என் கையில் டம்ளரைக் கொடுத்தார்கள். காப்பி. கீழே வைக்க இடமில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன், அவனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருத்தரிடமும் பூங்கோதை முதலிலிருந்து சொன்னாள். "பன்னெண்டு மணிக்கு வந்தாரு. தோள் வலிக்குதுன்னாரு. கேமராப் பையைத் தூக்கிட்டு அலைஞ்சா வலிக்காம என்ன செய்யும்னு சொல்லி, தைலம் தேய்ச்சுவிட்டு, செத்த படுங்கன்னுட்டு, நான் கொழம்பை இறக்கப் போயிட்டேன். சாப்பிடக் கூப்பிட்டா எந்திரிக்கல. கொழம்பு என்னங்க கொழம்பு. அதை அணைச்சுப்போட்டு ஒரு ஆட்டோ கூப்பிட்டிருந்தா," என்பாள், அதற்குமேல் சொல்ல வராது, அடுத்த ஆள் வந்ததும் பன்னெண்டு மணிக்கு வந்தாரு என்று மறுபடி ஆரம்பிப்பாள். நீலமேகத்தின் தங்கச்சி வேணி ஊரிலிருந்து வந்தவள், வந்ததிலிருந்து அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னாள். "எங்கண்ணன் காலையில நல்லாத்தான் போயிருக்கு. அங்கயும் நல்லாத்தான் இருந்திருக்கு. வலிக்குதுன்னு வீடு தேடி வந்த மனுஷனைப் படுக்கப் போட்டுட்டுச் சமைச்சுக்கிட்டிருந்திருக்கா." பூங்கோதை நேராக என்னைப் பார்த்தாள். "அண்ணே, அங்க வச்சு ஏதாவது சொன்னாராண்ணே? நெஞ்சு வலி, மயக்கம், ஏதாவது?" எத்தனை பேர் இருந்திருப்பார்கள் அங்கே, இருபது பேர், இருபது பேரும் என் வாயைப் பார்த்தார்கள். காப்பி சுட்டது. "இல்லம்மா. நல்லாப் பேசிக்கிட்டுத்தான் இருந்தான்," என்றேன். வேணி ஒரு பார்வை பார்த்தாள் அண்ணியை, பார்த்தாயா என்பதுபோல. பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது. பொய் சொல்வதற்கு எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. கண்ணைப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது, பொய்க்கு ஒரு நொடி.

அதற்கப்புறம் யோசித்து யோசித்துப் பார்த்தாகிவிட்டது. நான் என்ன டாக்டரா. வெயிலில் உட்கார்ந்தால் யாருக்கும் வேர்க்கும். ஒரு மாதிரி இருக்கு என்று அவன் தினம் ஒரு தடவை சொல்கிறவன்தான், பரோட்டா தின்றால் சொல்வான், மருமகன் போன் பண்ணாவிட்டால் சொல்வான். பெஞ்சிலேயே எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாலும் என்ன ஆகியிருக்குமோ. இப்படி வரிசையாக அடுக்கி வைப்பேன். அடுக்கி முடித்ததும் அந்தக் கை வரும், தோளைப் பிடித்த கை, நான் இறக்கச் சொன்ன கை. எல்லாம் சரிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. போன சனிக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சாமியார் சின்ன வயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார். உங்களுக்குத் தெரிந்து செய்யலையே, மனம் வருந்துறீங்களே, அது போதும் என்றார். அருள் நிறைந்த மரியே பத்துத் தடவை. மன்னித்துவிட்டார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவர் மன்னித்து என்ன பிரயோஜனம். இவர் வீட்டிலா அடுப்பு எரியாமல் கிடக்கிறது. பூங்கோதை அந்த நாளிலிருந்து சமைப்பதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து கொடுத்தனுப்புகிறதை ஒரு வாய் தின்கிறாள். "அடுப்புப் பக்கமே போக முடியலண்ணே. கொழம்பு வாசனை வந்தாலே அவரு கூப்பிடற மாதிரி இருக்கு," என்று முந்தாநாள் போனில் சொன்னாள். நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சாமியாரிடம் சொன்னதில் பாதியை அவளிடம் சொல்லியிருந்தால் அவள் ஒரு கவளமாவது நிம்மதியாகத் தின்றிருப்பாள். அவளுக்கு முன்னாலேயே ஒருத்தன் கோட்டைவிட்டிருக்கிறான், வீட்டுக்கு வரும்போதே ஒரு மணி நேரம் போயிருந்தது என்று தெரிந்தால், அந்தப் பாரத்தில் முக்கால்வாசி இறங்கிவிடும். இறங்கி எங்கே வரும். என் தலையில்தான் வரும். வேணி என்னைப் பார்ப்பாள் அப்போது. டயர் கடைப் பையன்கள் பார்ப்பார்கள். அந்தத் தெருவில் நான் நடக்க முடியுமா. அறுபத்தொரு வயதில் ஒருத்தன் கொலைகாரன் என்று பேர் வாங்குவதா. யாரும் கொலைகாரன் என்று சொல்ல மாட்டார்கள், நானே சொல்லிக்கொள்கிறேன், சும்மா பெரிசு படுத்திக்கொள்வதற்கு. உண்மை அதைவிடக் கேவலமானது. பயம். வெறும் பயம். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். அவள் உள்ளே வந்ததும், உட்காரும் முன்னால், கோதைம்மா, அன்னிக்கு அவன் எங்கிட்ட சொன்னான்.

"இது ஒண்ணு இருக்கு சார்," என்கிறாள் ரிஸ்வானா. முப்பத்தொன்றாவது படம். கண்டுபிடித்துவிட்டாள். அதை நான் அழித்திருக்கலாம். பதினாலு நாளில் பதினாலாயிரம் தடவை அழித்திருக்கலாம். ஏன் அழிக்கவில்லை என்றால், சொல்லவே நாக்கு கூசுகிறது, என் ஆயுசில் நான் எடுத்த நல்ல படம் அதுதான். பின்னால் இலையும் வெளிச்சமும் சுழன்று சுழன்று அவன் தலையைச் சுற்றி நிற்கிறது. முகம் நடுவில். உதட்டில் விழுந்த தெளிவு கண் வரைக்கும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. எதையோ கேட்கப்போகிறவன் மாதிரி பார்க்கிறான். குழுவில் போட்டிருந்தால் கொண்டாடியிருப்பார்கள். ஒரு நாள் போடக்கூடப் போனேன், மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அப்லோட் வரைக்கும் போய்விட்டேன். நான் எப்பேர்ப்பட்டவன் என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும். "உதடு நல்லா இருக்கு சார், கண்ணை நான் தூக்கி விட்டுடறேன். சாருக்கு ரொம்ப வேர்த்திருக்கு பாருங்க. துடைச்சிடவா?" அவள் பெரிதாக்கிக் காட்டுகிறாள். அதே துளிகள். இப்போது சொல்லலாம், வேண்டாம்மா அப்படியே இருக்கட்டும் என்று. பூங்கோதை வந்து பார்ப்பாள், கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாதா, பார்த்ததும் கேட்பாள், நான் வாயைத் திறக்கவே வேண்டாம், படமே சொல்லிவிடும். "சரிம்மா," என்கிறேன். அவள் மவுஸை நாலு இழுப்பு இழுக்கிறாள். துளி துளியாகப் போகிறது. "ஸ்கின் கொஞ்சம் டல்லா, சாம்பல் மாதிரி இருக்கு சார். கலர் ஏத்தட்டுமா?" சரிம்மா. கன்னத்தில் ரத்தம் ஏறுகிறது. "ஓரத்துல கை வருது, கட் பண்ணிடறேன், மார்பளவுதானே வேணும்." சரி. கை போய்விட்டது. "நெத்தியில ஒரு சுருக்கம், வலியில இருக்கற மாதிரி தெரியுது, லேசா எடுத்துடறேன் சார்." நல்ல பெண், தொழில் தெரிந்த பெண். நான் தடுக்க நினைத்து நினைத்து நாலு தடவை சரி என்றேன். நீலமேகம் திரையில் உட்கார்ந்திருக்கிறான், மணிவிழாவுக்குத் தயாரான மாப்பிள்ளை மாதிரி, கல்லுப்போல ஆரோக்கியமாக. "பாருங்க சார், எவ்வளவு ஃப்ரெஷ்ஷா வந்துட்டாரு," என்கிறாள்.

கண்ணாடிக் கதவு திறந்து தெருச் சத்தம் உள்ளே வருகிறது. பூங்கோதை. பதினொன்று இருபதுக்கே வந்துவிட்டாள். இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறதே என்று எனக்கு ஒரு கோபம், பஸ்ஸை விட்டவன் மாதிரி. இளைத்துப்போயிருக்கிறாள், ரவிக்கைக் கை தொளதொளவென்று. "சாப்டீங்களாண்ணே?" என்கிறாள். கேள்வியைப் பார். அவள் என்னைக் கேட்கிறாள். "உட்காரும்மா," என்கிறேன். உட்காரும் முன்னால் சொல்வதாக இருந்தேன், உட்கார்ந்துவிட்டாள். ரிஸ்வானா திரையை அவள் பக்கம் திருப்புகிறாள். பூங்கோதை பார்க்கிறாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்து, நெற்றியிலிருந்து ஆரம்பித்து முகம் முழுக்க நிதானமாகப் பார்க்கிறாள். அவள் எதையோ தேடுகிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைக்கிறது. அழகாக இருக்கிறாரா என்று பார்க்கவில்லை. கடைசியாக எடுத்த படம்தான் வேண்டும் என்று ஏன் கேட்டாள் என்று இப்போது தெரிகிறது. "எத்தனை மணிக்குண்ணே எடுத்தது?" "பத்தே முக்கால் இருக்கும்மா." "பத்தே முக்கால்," என்று சொல்லிக்கொள்கிறாள். விரலை நீட்டித் திரையைத் தொடாமல் அந்தக் கன்னத்துக்கு நேராகப் பிடிக்கிறாள். "இதுக்குத்தாண்ணே வந்தேன். முகத்துல ஏதாவது தெரியுதான்னு பார்க்கத்தான். ஒரு வாட்டம், ஒரு வலி, ஏதாவது இருக்கும், அங்கயே ஆரம்பிச்சிருக்கும், அப்ப எம்மேல மட்டும் இல்லன்னு ஆகும்னு ராத்திரியெல்லாம் நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் இல்ல பாருங்க. எவ்வளவு நல்லா இருக்காரு. வீட்டுக்கு வந்தப்புறம்தான். எங்கிட்ட வந்தப்புறம்தான்." அவள் குரலில் அழுகையே இல்லை, ஒரு கணக்குச் சரிபார்த்து முடித்தவள் மாதிரி இருக்கிறது. ரிஸ்வானா என்னைப் பார்க்கிறாள். அவளுக்கு ஏதோ புரிந்திருக்கிறது, எட்டு வருஷ சர்வீஸ். கை மவுஸ்மேல் இருக்கிறது, ஒரு அழுத்து அழுத்தினால் துடைக்காத படம் வந்துவிடும். நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான், அதைக் காட்டும்மா என்று. கோதைம்மா, அன்னிக்கு அவன் எங்கிட்ட. பூங்கோதை எழுந்து புடவையைச் சரி செய்கிறாள். "வேணி சொல்றது சரிதாண்ணே. அவளுக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க. அவளும் பார்க்கட்டும்." ரிஸ்வானா இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "எத்தனை காப்பி சார்?" என்று மெதுவாகக் கேட்கிறாள், எனக்கு நேரம் கொடுக்கிற மாதிரி. "ரெண்டு," என்கிறேன். குரல் பிசிறில்லாமல் வருகிறது.